குடலிறக்கம்: தையலா, வலையா, துளையா?

இருமல் வந்தால் எல்லோரும் வாயைப் பொத்துவார்கள். சிலருடைய கை மட்டும் அடிவயிற்றுக்குக் கீழே, தொடை இடுக்குக்குப் போகும். தேனி மாவட்டத்துச் சின்னமனூரில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றும் இடத்தில், விடியும் முன்பே ஏலத்தோட்ட வேலைக்காகப் போடிமெட்டு ஏறும் ஜீப்பில், ஜக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லண்ணே, வாயுப் பிடிப்பு" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "படுத்தா உள்ள போயிருது, எந்திரிச்சா வந்துருது" என்பார். அது வாயு அல்ல, குடலிறக்கம். ஊர்ப்பேச்சில் இரணியா.

இந்த நோய்க்கு மாத்திரை கிடையாது, தைலம் கிடையாது, பத்தியமும் கிடையாது. வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்க வேண்டும், அதற்கு ஆபரேஷன்தான். இது இன்றைக்குக் கிராமத்திலும் எல்லோருக்கும் தெரியும். எந்த ஆபரேஷன் என்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், "வலை வைக்காம பண்ணாத, திரும்ப வந்துரும்" என்பார். செல்போனில் வரும் வீடியோ, வலை வைத்தால் ஆயுள் முழுக்க வலி என்று பயமுறுத்தும். மச்சான் மதுரையில் கேமரா வைத்து மூன்று துளையில் முடித்துக்கொண்டு வந்தவராக இருப்பார். "வெட்டிப் பண்றதெல்லாம் பழைய காலம்" என்று அவர் சொன்னதும், நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு எழும்.

ஆண்டிபட்டியிலிருந்து தேனி போகும் சாலையில் க.விலக்கில், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கல்லூரி 2004-ல் தொடங்கியது. அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே ஆண்டிபட்டியின் எம்.எல்.ஏ.வும்கூட. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் கடமலைக்குண்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்து சேரும் கூலிக்காரர்களுக்குப் பணம் கேட்காத பெரிய ஆஸ்பத்திரி அதுதான். அங்கே பக்குவமாகச் செய்யப்படும் ஒரு திறந்த ஆபரேஷன், கடன் வாங்கிச் செய்துகொள்ளும் துளை ஆபரேஷனை விடத் தரத்தில் குறைந்தது என்ற எண்ணம் தேனிப் பக்கத்தில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. துளை ஆபரேஷனுக்கும் உண்மையான இடம் உண்டு. அது யாருக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஓட்டை எங்கே விழுகிறது?

தாயின் வயிற்றில் இருக்கும்போது ஆண் குழந்தையின் விரைகள் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன. பிறப்பதற்குச் சில மாதம் முன்பு அவை அடிவயிற்றுச் சுவரைக் கடந்து கீழே இறங்குகின்றன. இறங்கிய வழி பிறகு மூடிக்கொள்ளும். மூடினாலும் அந்த இடம் ஆயுள் முழுக்கச் சற்று பலவீனமாகவே இருக்கும். விரைக்குச் செல்லும் விந்து நாண் அந்த வழியாகத்தானே போக வேண்டும்? வழி சரியாக மூடாமல் போனாலோ, வயதாகி அந்தச் சுவரின் தசைநார் தளர்ந்தாலோ, குடலோ கொழுப்போ அதைத் தள்ளிக்கொண்டு வெளியே பிதுங்குகிறது. ஆண்களில் 100 பேரில் சுமார் 27 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வரக்கூடும். பெண்களில் 3 பேருக்கு. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்டோர் இதற்காக ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள்.

மூட்டை தூக்கியதால்தான் வந்தது என்று சுமைக்காரர்கள் தங்களையே நொந்துகொள்வதுண்டு. அப்படி அடித்துச் சொல்ல முடியாது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தது, பிறவியிலேயே தசைநார் பலவீனம், வயது, ஏற்கெனவே மறுபக்கம் வந்தது ஆகியவைதான் உறுதியாகத் தெரிந்த காரணங்கள். நாள் முழுக்க நின்றபடி பாரம் தூக்குகிறவர்களுக்கு ஒரு வகைக் குடலிறக்கம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது என்று டென்மார்க் ஆய்வுகள் காட்டின. ஆனால் மூட்டையே தூக்காத குமாஸ்தாவுக்கும் வாத்தியாருக்கும் இது வருகிறது. அதனால் தன் உழைப்பைப் பழிக்க யாருக்கும் அவசியமில்லை.

இழுத்துத் தைத்த காலம்

இத்தாலியின் படுவா நகரில் 1884-ல் எடோவார்டோ பஸினி என்ற அறுவை மருத்துவர் ஒரு புது வழியைத் தொடங்கினார். அதுவரை வெளியே வந்த பையைக் கட்டி அறுத்துவிட்டு, காயத்தை எப்படியோ மூடிவந்தார்கள். நிறைய பேருக்கு மறுபடியும் வந்தது, சீழ் பிடித்துச் செத்தவர்களும் உண்டு. பஸினி அந்த வழியின் பின்சுவரையே திறந்து, மேலே இருக்கும் தசையைக் கீழே இருக்கும் தசைநாரோடு சேர்த்துத் தைத்துச் சுவரைப் புதிதாகக் கட்டினார். 262 ஆபரேஷன்களின் கணக்கை வெளியிட்டார். அவர் செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரியது என்பேன். அனுப்பிய நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து, யாருக்குத் திரும்ப வந்தது, யாருக்கு வரவில்லை என்று எழுதி வைத்தார். அந்தக் கணக்கு இருந்ததால்தான் உலகம் அவரை நம்பியது.

அடுத்த 100 வருடம் பஸினியின் தையலே ஆண்டது. ஆனால் அவர் செய்தபடி செய்தவர்கள் குறைவு. பின்சுவரைத் திறக்காமலே மேலோட்டமாக இழுத்துத் தைத்து, அதற்கும் பஸினி என்றே பெயர் வைத்தார்கள். இதிலுள்ள சிக்கல் ஜக்கம்பட்டி நெசவாளிக்குச் சொல்லாமலே விளங்கும். துணியில் விழுந்த கிழிசலின் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தால், இழுவை முழுவதும் தையலின் மேல் விழும், நாளடைவில் தையலுக்குப் பக்கத்திலேயே துணி விட்டுப்போகும். அடியில் ஒரு ஒட்டுத்துணி வைத்துத் தைத்தால் இழுவையே இல்லை. தசையும் அப்படித்தான். இருமும்போதும், முக்கும்போதும், படியேறும்போதும் தையல் இழுபட்டு, நாலைந்து வருடத்தில் பலருக்குப் புடைப்பு திரும்பியது.

இழுத்துத் தைப்பதையே மிக நேர்த்தியாகச் செய்து காட்டிய ஒரு இடம் உண்டு. கனடாவில் டொராண்டோவுக்கு அருகே தோர்ன்ஹில்லில் இருக்கும் ஷோல்டைஸ் மருத்துவமனை. நம் தமிழர்கள் நிறைய குடியிருக்கும் மார்க்கம், ஸ்கார்பரோவுக்குப் பக்கம்தான். ஏர்ல் ஷோல்டைஸ் 1945-ல் தொடங்கிய அந்த மருத்துவமனை குடலிறக்கத்தை மட்டுமே பார்க்கிறது. மரத்துப்போகும் ஊசி போட்டு, பின்சுவரைத் திறந்து, நான்கு வரிசையாகத் தொடர் தையல் போடுவார்கள். உடம்பு கனத்தவர்களை முதலில் எடையைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். ஆபரேஷன் முடிந்ததும் நோயாளி மேசையிலிருந்து இறங்கி நடப்பார். திரும்ப வந்தவர்கள் 100-க்கு ஒருவர் கணக்குத்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு மருத்துவரும் இதை நூற்றுக்கணக்கில் செய்து பழகியவர். அதே தையலை மற்ற இடங்களில் எப்போதாவது செய்தவர்களுக்கு அந்த வெற்றி கிடைக்கவில்லை. தையலின் பெயரைவிடப் போடும் கை முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

வலை வந்தது

அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் அஷர் 1950-களின் இறுதியில் செயற்கை இழையாலான வலையை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். ஆனால் 1980-களில் லாஸ் ஏஞ்சல்ஸின் இர்விங் லிக்டென்ஸ்டைன்தான் அதை எல்லோருக்கும் பொதுவான முறையாக்கினார். 1989-ல் அவரும் அவர் குழுவினரும் 1,000 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். தசையை இழுப்பதே இல்லை, வலையை விரித்து ஓட்டையின் மேல் படுக்க வைப்பதோடு சரி. இன்று உலகில் அதிகம் செய்யப்படுவது இதுதான். 'வெட்டிப் பண்றது' என்று ஊரில் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான்.

மேசையில் நடப்பது இது. இடுப்பெலும்பின் முனைக்கும் நடுவில் இருக்கும் கவட்டெலும்புக்கும் இடையே ஐந்தாறு சென்டிமீட்டர் கீறல். தோல், பிறகு மஞ்சள் கொழுப்பு. அதற்கடியில் பளபளவென்று வெள்ளையாக ஒரு நார்ப்படலம் தெரியும். அதை நார் ஓடும் திசையிலேயே பிரித்தால் உள்ளே விந்து நாண், சுண்டுவிரல் பருமனில். இந்த இடத்தில் கை நிதானிக்க வேண்டும். நூல் போல மூன்று நரம்புகள் இங்கே ஓடுகின்றன. ஒன்று தையலில் மாட்டினாலும், வலைக்கும் தசைக்கும் நடுவே சிக்கினாலும், நோயாளி வருடக்கணக்கில் எரிச்சலோடு அலைவார். நரம்புகளை அடையாளம் கண்டுகொண்டு, நாணோடு ஒட்டியிருக்கும் குடலிறக்கப் பையை மெல்லப் பிரித்து உள்ளே தள்ளுவார்கள். பிறகு சுமார் 7 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள வலையை விரிப்பார்கள். ஒரு முனையில் கத்தரியால் கீறி இரண்டு வால்களாக்கி, நாணைச் சுற்றி வளைத்துச் சேர்ப்பார்கள். நாணுக்குப் புதிய வாசல் அது. கீழ் ஓரம் தசைநாரோடு தையல். கவட்டெலும்பைத் தாண்டி 2 சென்டிமீட்டராவது வலை போக வேண்டும். அந்த மூலையில் கஞ்சத்தனம் செய்தால், திரும்ப வருவது அங்கேதான் வரும். சில வாரங்களில் வலையின் கண்களுக்குள் உடம்பின் சொந்தத் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

இதை அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டே முடிக்க முடியும். நம் ஊரில் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இடத்தில் மட்டும் ஊசி போடுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. நோயாளி விழித்திருப்பார். கடைசித் தையலுக்கு முன், "ஒரு தடவை பலமா இருமுங்கய்யா" என்று மருத்துவர் சொல்லலாம். வலை தாங்குகிறதா, எங்கேயாவது பிதுங்குகிறதா என்பது கண் முன்னாலேயே தெரிந்துவிடும். இதய நோய்க்காரர்களுக்கும், பீடி பிடித்து நெஞ்சு அடைத்துப்போன முதியவர்களுக்கும் இதுவே பாதுகாப்பான வழி. முழு மயக்கம் அவர்களுக்கு ஆபத்து.

துளையில் என்ன கூடுதல்?

1990-களின் தொடக்கத்தில் கேமரா உள்ளே போனது. பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுக்கப் பழகிய மருத்துவர்கள், குடலிறக்கத்தையும் வயிற்றின் உள்பக்கமிருந்து அடைக்கலாமே என்று யோசித்தார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கலையை வளர்த்தவர்களில் கோவை ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலு முக்கியமானவர். இதில் இரண்டு வழிகள். வயிற்றுக்குள்ளேயே போய், உள்ளுறையைக் கீறி, அதற்குப் பின்னால் வலையை வைத்து மூடுவது 'டாப்'. வயிற்றுக்குள் போகாமல், தசைக்கும் உள்ளுறைக்கும் இடையே காற்றால் இடமுண்டாக்கி வலையை வைப்பது 'டெப்'. இரண்டிலும் சுமார் 10-க்கு 15 சென்டிமீட்டர் வலை, உள்பக்கமிருந்து, இடுக்கில் வரக்கூடிய எல்லா ஓட்டைகளையும் ஒரே சமயத்தில் மூடிவிடும்.

இது நல்ல முறை, சந்தேகமே இல்லை. முதல் சில நாட்களில் வலி குறைவு. நீண்ட நாள் வலியும் குறைவாகவே இருக்கிறது. ஆனால் மரக்க வைக்கும் ஊசி போதாது, பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்க வேண்டும். கருவிச் செலவு அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, கற்றுக்கொள்வது கடினம். 50 முதல் 100 ஆபரேஷன் செய்த பிறகுதான் கை படியும் என்பது பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்கு.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 2,164 ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2004-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அதன் முடிவு வந்தது. இரண்டு வருடத்தில் திறந்த முறை வலையில் 4.9 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்திருந்தது. துளை முறையில் 10.1 சதவீதம். துளை செய்தவர்களுக்கு ஆரம்பத்தில் வலி குறைந்தது உண்மை, வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பியது ஒரு நாள் முன்னதாக. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 250-க்கு மேல் துளை முறையில் செய்து பழகிய மருத்துவர்களிடம் திரும்ப வந்தது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அதாவது கருவி தோற்கவில்லை, பழகாத கைதான் தோற்றது. 20 வருடத்தில் எத்தனையோ கைகள் பழகிவிட்டன. இன்று தேர்ந்த கையில் இரண்டு முறைகளுக்கும் திரும்ப வருவதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வியைத் தைரியமாகக் கேளுங்கள்: "டாக்டர், இந்த முறையில நீங்க எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க? எத்தனை பேருக்குத் திரும்ப வந்துச்சு?" நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். நம் பக்கத்தில் டாக்டரிடம் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு தலையாட்டிவிட்டு வெளியே வருவார்கள். உடம்பு உங்களுடையது, கேட்கலாம்.

யாருக்குத் துளை முறை கட்டாயம் நல்லது? இரண்டு பக்கமும் வந்திருப்பவர்களுக்கு, அதே துளைகள் வழியே இரண்டையும் அடைத்துவிடலாம். முன்பு வெட்டிச் செய்து திரும்ப வந்தவர்களுக்கும் அதுவே நல்லது. ஏற்கெனவே தழும்பேறிய வழியில் மறுபடி புகுந்து நரம்பையும் விந்து நாணையும் கெடுப்பதைவிட, கைபடாத பின்பக்க வழியாகப் போவது புத்திசாலித்தனம். அதே நியாயப்படி, துளை முறையில் செய்து திரும்ப வந்தவர்களுக்கு முன்பக்கமிருந்து வெட்டிச் செய்ய வேண்டும். மூன்றாவதாகப் பெண்கள். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

பெண்களுக்குக் குடலிறக்கம் வராது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரும். அதிலும் தொடைக்குள் இரத்தக்குழாய் இறங்கும் சந்து வழியே வரும் வகை பெண்களுக்குத்தான் கூடுதல். சிறிதாக, நெல்லிக்காய் அளவில் தொடை இடுக்கில் தட்டுப்படும். "நெறி கட்டியிருக்கு, காலுல ஏதாச்சும் புண்ணு இருக்கும்" என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சம், வீட்டில் சொல்லவும் கூச்சம். இந்த வகையின் வாசல் குறுகலானது. உள்ளே போன குடல் இறுகிக்கொள்ளும் ஆபத்து மற்ற வகையைவிடப் பல மடங்கு அதிகம். பெண்களுக்கு வந்தால் காத்திருக்கவே கூடாது. முன்பக்கமிருந்து வெட்டினால் இந்த ஓட்டை கண்ணில் படாமலே போகலாம் என்பதால், பழகிய கை கிடைக்கும் இடத்தில் பெண்களுக்குத் துளை முறையே சிறந்தது என்று 2018-ல் வெளியான சர்வதேச வழிகாட்டி சொல்கிறது.

மற்றபடி ஒரு பக்கம், முதல் தடவை, ஆண் என்றால்? பெரும்பாலானோர் அப்படித்தான் வருகிறார்கள். அந்த வழிகாட்டியின்படி அவர்களுக்குத் திறந்த முறை வலையும் சரி, துளை முறை வலையும் சரி. பழகிய கையும் வசதியும் இருக்கும் இடத்தில் மட்டும் துளை முறையை அது முன்னே வைக்கிறது. க.விலக்கு வார்டில் பணம் கட்டாமல் நன்றாகச் செய்துகொள்ள முடிகிற ஒன்றை விட்டுவிட்டு, வலி கொஞ்சம் குறைவதற்காக மட்டும் ஒரு கூலிக் குடும்பம் வட்டிக்கு வாங்கக் கூடாது.

கொசுவலை டாக்டர்

வலையின் விலை ஒரு காலத்தில் ஏழைக்குச் சுவர் போல நின்றது. மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் அறுவை மருத்துவராக இருந்த டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் அந்தச் சுவரைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டு வலையும் கொசுவலைத் துணியும் ஏறக்குறைய ஒரே வகை இழைதானே என்று யோசித்தார். பூச்சிமருந்து தோய்க்காத கொசுவலைத் துணியை வாங்கி, அளவாக வெட்டி, முறையாகக் கிருமி நீக்கி, நோயாளிகளுக்கு வைத்தார். பல ஊர்களிலிருந்து சக மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டு, 2003-ல் இந்தியன் ஜர்னல் ஆஃப் சர்ஜரி இதழில் அந்தக் கணக்கை வெளியிட்டார். வலையால் சீழ் பிடிக்கும், உடம்பு ஏற்காது என்றெல்லாம் சொல்லப்பட்ட பயங்கள் மெய்யாகவில்லை.

அவர் தொடங்கியது ஆப்பிரிக்கா வரை போனது. உகாண்டாவின் கிழக்குப் பகுதியில், ஸ்வீடன் மருத்துவர்களும் உள்ளூர் மருத்துவர்களும் சேர்ந்து 302 ஆண்களிடம் கொசுவலைத் துணியையும் கம்பெனி வலையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 2016-ல் முடிவு வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கொசுவலைப் பிரிவில் ஒரே ஒருவருக்குத் திரும்ப வந்திருந்தது, கம்பெனி வலைப் பிரிவில் யாருக்கும் இல்லை. புள்ளிவிவரப்படி அது வித்தியாசமே அல்ல. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: ஒன்று ஒரு டாலர் கணக்கு, மற்றது 125 டாலர் கணக்கு. இந்தியாவின் ஒரு சிற்றூர் மருத்துவர் தன் நோயாளிகளின் கஷ்டத்தைப் பார்த்துக் கண்டுபிடித்த வழி உலகின் மிகப் பெரிய மருத்துவ இதழ் ஒன்றில் நிரூபணமானதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இந்தப் பெயரை நம் மருத்துவ மாணவர்கள் அனைவரும் தெரிந்திருக்க வேண்டும். (யாரும் வீட்டுக் கொசுவலையை வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். துணி எது, எவ்வளவு வெப்பத்தில் எப்படிக் கிருமி நீக்க வேண்டும் என்பதெல்லாம் மருத்துவமனையில் முடிவாக வேண்டியவை.)

வலையே வேண்டாம் என்பவர்களுக்கும் இந்தியாவிலிருந்து ஒரு வழி போயிருக்கிறது. புணேயின் டாக்டர் மோகன் தேசர்டா, அந்த வெள்ளை நார்ப்படலத்திலிருந்தே ஒரு பட்டையை ஒரு பக்கம் ஒட்டியபடியே பிரித்து, அதையே பின்சுவராக வைத்துத் தைக்கும் முறையை 2001-ல் வெளியிட்டார். அந்நியப் பொருள் எதுவும் உள்ளே போவதில்லை. போலந்தில் 208 பேரிடம் இதையும் லிக்டென்ஸ்டைன் முறையையும் ஒப்பிட்டார்கள். மூன்று வருடத்தில் இரண்டு பிரிவிலும் தலா இருவருக்குத் திரும்ப வந்திருந்தது. இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. என்றாலும், படலம் திடமாக இருக்கும் இளைஞர்களுக்கு, வலை வேண்டாம் என்று தெரிந்தே கேட்பவர்களுக்கு, இது மதிக்கத்தக்க வழி. வயதாகி அந்தப் படலமே நைந்து போனவர்களுக்கு இது பொருந்தாது.

வலையால் வலி வருமா என்ற பயத்துக்கு நேர்மையான பதில் இது. எந்த முறையில் செய்தாலும், தையல் மட்டும் போட்டாலும்கூட, 100-க்கு 10 முதல் 12 பேருக்கு மூன்று மாதம் தாண்டியும் கவனிக்கத்தக்க வலி இருக்கிறது. பலருக்கு நாளடைவில் தணியும். மிகச் சிலருக்கே வேலையைக் கெடுக்கும் அளவுக்கு நிலைக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே கடுமையான வலி இருந்தவர்கள், இளவயதினர், பெண்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். கையெழுத்து வாங்கும் முன் டாக்டர் இதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்க வேண்டும். இன்னொரு பயத்தை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆண்மை போய்விடுமா? போகாது. விரைக்குப் போகும் இரத்தக்குழாய் கெடுவது அரிது, அதுவும் திரும்பத் திரும்ப அதே வழியில் வெட்டும்போதுதான் அதிகம்.

பொறுத்துப் பார்க்கலாமா?

தொந்தரவே இல்லாத சின்னப் புடைப்பு உள்ள ஆண்கள் பொறுக்கலாம். அமெரிக்காவில் அப்படி 720 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசரத்துக்கு ஆளானது ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் பத்து வருடம் தாண்டிப் பார்த்தபோது, காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வலி தாங்காமல் ஆபரேஷனுக்கு வந்துவிட்டிருந்தார்கள். பாரம் தூக்கிப் பிழைக்கிறவர் காத்திருந்து லாபமில்லை, 40 வயதில் செய்துகொண்டால் சுலபமாக ஆறும். கைக்குழந்தைகளுக்கோ பொறுக்கவே கூடாது. அவர்களுக்கு வலையும் வேண்டாம், பையைக் கட்டி எடுத்தாலே போதும்.

மெடிக்கல் ஷாப்பில் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு பத்து வருடம் ஓட்டுகிறவர்கள் உண்டு. அது ஓட்டையை அடைப்பதில்லை. வழக்கமாக உள்ளே போகும் புடைப்பு ஒரு நாள் போகாமல் கல் போல இறுகி, வலி ஏறி, வாந்தி வந்தால், அமுக்கிப் பார்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் குடல் அழுகும். அடிவாரக் கிராமத்திலிருந்தோ மேகமலை எஸ்டேட்டிலிருந்தோ க.விலக்கு வந்து சேரவே நேரமாகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

ஆபரேஷன் முடிந்தபின் மூன்று மாதம் படுத்தே கிடக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் இங்கே உண்டு. மருத்துவச் செலவு இல்லாவிட்டாலும் குடும்பத்தை முறிப்பது அந்த மூன்று மாதக் கூலிதான். அன்றைக்கே எழுந்து நடக்கலாம், நடக்க வேண்டும். ஐந்தாறு நாளில் வீட்டு வேலை, லேசான தறி வேலை பார்க்கலாம். வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்பதுதான் சர்வதேச வழிகாட்டியின் நிலை. வாழைத்தார் ஏற்றுவது போன்ற பெரும் பாரத்துக்கு எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்பதை ஆபரேஷன் செய்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலச்சிக்கலுக்கும் விடாத இருமலுக்கும் சிறுநீருக்கு முக்குவதற்கும் முன்கூட்டியே வைத்தியம் செய்துகொள்வது நல்லது.

பஸினி நோயாளிகளைப் பின்தொடர்ந்தார் என்று சொன்னேன். ஸ்வீடன் 1992-லிருந்து குடலிறக்க ஆபரேஷன்களுக்கென்று தனிப் பதிவேடு வைத்திருக்கிறது. எந்த முறை, எந்த மருத்துவமனை, திரும்ப வந்ததா என்பதெல்லாம் அதில் ஏறும். அதைப் பார்த்து மருத்துவமனைகள் தங்களைத் திருத்திக்கொள்கின்றன. நம் ஊரில் ஆபரேஷன் முடித்துப் பஸ் ஏறியவர் நன்றாக இருக்கிறாரா என்று ஆஸ்பத்திரிக்குத் தெரிவது கடினம். திரும்ப வந்தால்கூட வேறு இடத்துக்குப் போய்விடுவார். ஆனால் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள். இரணியா ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் உள்ள வீட்டில் அவர்கள் வருடம் ஒருமுறை மூன்று கேள்வி கேட்டால் போதும்: புடைப்பு திரும்ப வந்ததா, வலி இருக்கிறதா, வேலைக்குப் போகிறீர்களா? அந்தப் பதில்கள் க.விலக்குக்குப் போய்ச் சேர வேண்டும். தேனி மாவட்டத்தில் முதலில் செய்து பார்க்கலாம். அப்போது திறந்த முறையா, துளையா, வலையா, தையலா என்ற கேள்விக்கு டொராண்டோவின் கணக்கையும் போலந்தின் கணக்கையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது, ஆண்டிபட்டிக்காரருக்கு ஆண்டிபட்டிக் கணக்கையே காட்டலாம்.